ரிசீவருக்கு ஒரு முக்காலி

"சத்தத்தை இன்னும் கொஞ்சம் கூட்டி வை விஜி. காதுல சரியா விழல."

விஜயலக்ஷ்மி போனைக் காதில் வைத்தபடியே டி.வி.யின் குமிழைத் திருகினாள். "இப்போ?"

"ம், இப்போ சரி. இங்க டி.வி.யைப் போட்டா அரபிதான். ஒரு மண்ணும் புரியல. வாரத்துல இந்த அரைமணி நேரந்தான் நம்ம வீட்ல இருக்கற மாதிரி இருக்கு."

அவள் கணவன் ஜவஹர் துபாய் போய் ஒன்றரை வருடம் ஆகிறது. கடிதம் எழுத நேரமில்லை என்பான். ஆனால் செவ்வாய்க்கிழமை தவறாமல், சென்னைத் தொலைக்காட்சியில் நாடகம் தொடங்கும் நேரத்துக்கு, மயிலாப்பூர் வீட்டில் போன் மணி அடிக்கும். கம்பெனி போனாம், செலவில்லையாம். டி.வி.க்கு எதிரே முக்காலி போட்டு, துண்டை மடித்து விரித்து, ரிசீவரை அதன்மேல் படுக்க வைப்பார்கள். பக்கத்தில் மகள் வர்ஷினி ஒரு கிண்ணத்தில் பொரி வைப்பாள், அப்பாவுக்கு. அவன் அங்கிருந்து கேட்பான். இவர்கள் இங்கே பார்ப்பார்கள்.

ஜவஹர் பணம் கட்டிய அதே ஏஜென்டை நம்பிப் புறப்பட்ட நாலு பேர் பம்பாயோடு ஏமாந்து திரும்பிவிட்டார்கள். ஜவஹருக்கு மட்டும் அதிர்ஷ்டம் என்று தெருவே பேசியது.

வர்ஷினி ரிசீவரைப் பிடுங்கினாள். "அப்பா, எப்ப வருவீங்க? பொங்கலுக்கும் வரல, என் பர்த்டேக்கும் வரல."

"லீவு குடுக்க மாட்டேங்கறான்டா கண்ணு. வரும்போது கலர் டி.வி. வாங்கிட்டு வர்றேன்."

"கலர் டி.வி. வேணாம். இதுலயே வந்து பாருங்க."

விஜயலக்ஷ்மி ரிசீவரை வாங்கினாள்.

"குழந்தை கேட்டதுக்குப் பதிலே காணோமே? நானும் அதைத்தான் கேக்கறேன். போதும்ங்க, வந்துடுங்க."

"இன்னும் ஒரு வருஷம் விஜி. வெறுங்கையோட வந்து நின்னா தெருவுல சிரிக்க மாட்டாங்களா? உன் மூஞ்சில எப்படி முழிப்பேன்?" உடனே பேச்சை மாற்றினான். "சரி சரி, நாடகம் ஆரம்பிக்கப் போறான். போனைக் கீழ வை."

ரிசீவர் முக்காலிக்குப் போனது. பொரிக் கிண்ணமும் வந்தது.

பாதி நாடகத்தில் விஜயலக்ஷ்மி எழுந்துபோய் ரிசீவரை எடுத்தாள். அவள் வாயைத் திறப்பதற்குள் ஜவஹரின் சிரிப்பு காதை அடைத்தது.

"ஐயோ விஜி, மாமனாரைத் திருடன்னு நெனைச்சு விளக்குமாத்தால சாத்தறா பாரு! அந்தாளு கட்டிலுக்கு அடியில பூந்துட்டான்! வர்ஷினி சிரிக்கறாளா?"

வர்ஷினி சிரிக்கவில்லை. அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு ஒட்டி நின்றாள்.

விஜயலக்ஷ்மி அசையவில்லை. அவன் சிரித்து ஓயும்வரை கேட்டுக்கொண்டே இருந்தாள். அப்படி அவன் சிரித்து எத்தனை நாளாயிற்று! கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கக்கூடத் தோன்றவில்லை.

"என்ன விஜி, பேசாம இருக்க?"

"இங்க கரண்ட் போய்ப் பத்து நிமிஷம் ஆச்சுங்க" என்றாள் மெதுவாக. "மெட்ராஸ்ல எந்த மூலைல இருந்தாலும் சரி, வெறுங்கையோடயே கிளம்பி வாங்க. உங்களுக்கும் சேத்து உலை வைக்கறேன்."