சைலன்சர் சூடு

அண்ணன் இறந்து எட்டு மாதமாகிவிட்டது. "யானையைக் கட்டி யாரு தீனி போடறது? வித்துடுங்க தம்பி," என்று அவருடைய பழைய குரூசர் பைக்கைக் காட்டி அண்ணி சொன்னாள். புகை கக்குகிற வண்டியை எவன் வாங்குவான் என்று தம்பி கொட்டகையில் வைத்து எஞ்சினை இறக்கிப் பிரித்தான். பத்து நாளாகச் சிலிண்டரும் பிஸ்டனும் மேசைமேல் செய்தித்தாளில் கிடந்தன. புது ரிங் கடையிலிருந்து வரவேண்டியிருந்தது.

அன்று விடாத மழை. ஈரத்துணியைக் கொட்டகைக்குள் உலர்த்த வந்த அண்ணி, வண்டியை ஒட்டி நடந்தவள், "ஐயோ!" என்று காலை இழுத்துக்கொண்டாள். கெண்டைக்காலில் சைலன்சர் சுட்ட தடம் விரல் நீளத்துக்குச் சிவந்திருந்தது.

"எஞ்சினே இல்லாத வண்டி எப்படி அண்ணி சுடும்?" என்று கேட்டுக்கொண்டே தம்பி ஈர விரலால் சைலன்சரைத் தொட்டான். சுர்ரென்றது. மேசைக்குப் போய்ப் பிஸ்டனைத் தொட்டுப் பார்த்தான். சில்லென்றிருந்தது.

களிம்பு எடுத்து வந்து கொடுத்தான். அண்ணி அதைத் திறக்காமல் கையிலேயே வைத்திருந்தாள்.

"எவ்வளவு தூரம் போயிட்டு வந்தாரோ, பாவம்," என்றாள். "இப்போதைக்கு விக்க வேணாம் தம்பி."

சூடு ஆறும் இரும்பு டிக் டிக்கென்று சத்தம் போட்டது. அது அடங்கும்வரை இருவரும் அங்கேயே நின்றிருந்தார்கள்.