இரண்டு மழை பார்த்த மூடி

புத்தம் புது மூடியில் சேறு பூசிக்கொண்டிருந்தேன்.

எல்லாம் தலையெழுத்து. ஐ.டி.ஐ.யில் எலெக்ட்ரீஷியன் படித்தது இதற்குத்தான் போலிருக்கிறது.

"புதுசாத் தெரியக் கூடாது பூர்ணிமா. ரெண்டு மழ பாத்த மாதிரி இருக்கணும், இன்னா?" என்றார் மெயின்டனன்ஸ் மேனேஜர் ஹேமந்த் சார்.

கேன்டீனின் பின்சுவரில், வெட்டவெளியில் இருக்கும் பிளக் பாயிண்ட் அது. வெளியே பாயிண்ட் வைத்தால் மழை புகாத மூடி போட வேண்டும் என்பது விதி. முதல் வருஷம் படிக்கிற பிள்ளைக்குக்கூடத் தெரியும். நானும் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். நேற்றுவரை அதற்கு மூடியாக இருந்தது சுங்குவார்சத்திரம் பிரியாணிக் கடைப் பை ஒன்று. கழன்றுவிடாமல் இருக்க ஒரு ரப்பர் பேண்டு.

நேற்று மழை விட்டதும், தரை கழுவும் மெஷினை அதில் செருகப் போனார் காவேரி அக்கா. கரண்ட் தூக்கி அடித்துவிட்டது.

வல்லக்கோட்டையிலிருந்து ஹவுஸ்கீப்பிங் வேலைக்கு வருகிறவர். கிருத்திகை தவறாமல் எனக்கு முருகன் கோயில் விபூதி கொண்டுவந்து கொடுப்பார். இன்று காலை ஆஸ்பத்திரியில் கண் விழித்துவிட்டாராம். வலது கைதான் இன்னும் அசையவில்லை.

பிரியாணிப் பை ஹேமந்த் சாரின் பேண்ட் பாக்கெட்டுக்குள் போய்விட்டது.

மூடி எப்போதும் இருந்தது, காவேரிதான் அதைத் திறந்து ஈரக் கையை வைத்தாள். ரிப்போர்ட்டில் அப்படித்தான் எழுதியிருக்கிறார்கள். தப்பு அக்கா மேல் என்றாகிவிட்டால் கம்பெனி செலவில் வைத்தியமும் கிடையாது, திரும்பி வர வேலையும் கிடையாது.

என்னால் முடியாது என்றுதான் முதலில் சொன்னேன்.

ஹேமந்த் சார் கோபப்படவில்லை. என் தங்கை யுவஸ்ரீக்கு இன்றைக்கு எந்த ஷிப்ட் என்று மட்டும் கேட்டார். அவளை இங்கே அசெம்ப்ளி லைனில் சேர்த்துவிட்டதே அவர்தான்.

செம்மண் எடுக்கப் போனேன்.

அப்புறம் வேலையை ஒழுங்காகவே செய்தேன். உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பை எடுத்தேன். டீ டிக்காஷனில் மண்ணைக் குழைத்து விளிம்பில் ஒழுகவிட்டேன். ஸ்கிராப்பில் தேடித் துருப்பிடித்த ஸ்க்ரூவாகப் பொறுக்கி முடுக்கினேன். ஜெனரேட்டர் ரூமிலிருந்து குச்சியில் சுற்றி எடுத்துவந்த சிலந்தி வலையைக்கூட ஒரு மூலையில் ஒட்டினேன். அவ்வளவு தத்ரூபம். அதற்கே என்னைச் செருப்பால் அடிக்கலாம்.

ஹேமந்த் சார் எட்ட நின்றே பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். அந்தப் பாயிண்டைத் தொட அவருக்கே பயம்.

மதியம் எலெக்ட்ரிகல் இன்ஸ்பெக்டர் வந்தார். கண்ணாடி போட்ட, அதிகம் பேசாத மேடம். மூடியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். இது எவ்வளவு நாளாக இருக்கிறது என்று கேட்டார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

ரொம்ப நாளாக இருக்கிறது என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

அந்த நேரம் பார்த்துத் தூறல் போட்டது. ஹேமந்த் சார் குடையை விரித்து மேடத்தின் தலைக்கு மேல் பிடித்தார். ஆபீஸில் காபி தயாராக இருக்கிறது என்றார். மேடம் அவசரமாக ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பினார்.

அவ்வளவுதான். அக்காவின் கதை முடிந்தது என்று நினைத்தபோது அந்த அசையாத கை நினைவுக்கு வந்தது. யுவஸ்ரீயின் முகமும் கூடவே வந்தது.

"மேடம், உள்ள ரப்பர் நல்லா கீதான்னு ஒரு தபா தொறந்து பாத்துடுங்க."

செய்த வேலையைக் காட்டிக்கொள்ளத் துடிக்கும் அசடு மாதிரித்தான் சொன்னேன். ஹேமந்த் சார்கூடச் சிரித்தார்.

மேடம் கட்டைவிரலால் கொக்கியை நெம்பி மூடியைத் தூக்கினார்.

உள்பக்கத்தில், கடையிலிருந்து வந்தபோது ஒட்டியிருந்த நீல பிளாஸ்டிக் தாள் ஒரு சுருக்கம்கூட இல்லாமல் பளபளத்தது. அதன் ஓரத்தில், தயாரித்த தேதியாக இந்த மாதம்.

குடை அப்படியே நின்றது. மேடம் உள்பக்கத்தையும் ஒரு போட்டோ எடுத்தார்.

உரிக்க மறந்துவிட்டேன் என்றுதான் ஹேமந்த் சாரிடம் சொல்ல வேண்டும். நம்ப மாட்டார்.

யுவஸ்ரீக்கு இன்றைக்கு செகண்ட் ஷிப்ட்.