இருபத்திரண்டு பல்

மர்டோ வேலிக்கம்பி வாங்கப் போயிருந்தான். வாங்கிவிட்டு ஒரு பீரும் குடித்துவிட்டு வருவான். எப்படியும் முக்கால் மணி நேரம்.

"அதுக்குள்ள முடிஞ்சிடுமா?" அவன் மனைவி ரொவீனா மூன்றாவது முறையாகக் கேட்டாள்.

பிரேக் சரிசெய்ய என்று சொல்லித்தான் சைக்கிளோடு என் கடையில் இறங்கியிருந்தாள். மாற்ற வேண்டிய சாமான்களைப் போன மாதமே வரவழைத்து, டயர் அடுக்குக்குப் பின்னால் வைத்திருந்தேன்.

அவர்கள் இருக்கும் குடாவில் மூன்று வீடு, ஒரு கடற்கரை. வெளியே போக ஒரே சாலை. அது மணலை விட்டதும் நேரே மலையில் ஏறும். ஐந்து கிலோமீட்டர், எங்கும் சமதளம் கிடையாது. செல்போன் சிக்னல் அங்கே கிடைக்காது.

வண்டிச் சாவி எப்போதும் மர்டோவின் சட்டைப்பையில். தூங்கும்போதும்.

சைக்கிளை அவனேதான் வாங்கிக் கொடுத்தான். எதுவரை போகும் என்று அவனுக்குத் தெரியும்.

முன்பக்கம் இருபத்தெட்டுப் பல் இருந்த பல்சக்கரத்தைக் கழற்றி இருபத்திரண்டு பல் உள்ளதை மாட்டினேன். பின்னால் காப்பித் தட்டு அகலத்தில் முப்பத்தாறு. சங்கிலியையும் நீளமாக்க வேண்டியிருந்தது. இனி பெடல் ஒரு முழுச் சுற்றுச் சுற்றினாலும் சக்கரம் முக்கால் சுற்றுகூடப் போகாது. நடைவேகம்தான். ஆனால் ஏறும்.

"பின்னால பத்தொன்பது கிலோ வச்சா?"

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"போன வாரம் எல்சியைத் தராசில நிறுத்தினேன்" என்றாள்.

எல்சி அவள் மகள். ஆறு வயது.

"ஏறும். நிக்காம மிதிக்கணும். ரெண்டாவது வளைவுல மூச்சு வாங்கும், அங்க மட்டும் இறங்கிடாதே. இறங்கினா திரும்ப ஏறி மிதிக்க முடியாது."

அவள் உதட்டை அசைத்துச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். ரெண்டாவது வளைவு.

சங்கிலியின் கடைசிக் கண்ணியை அழுத்தும்போது வாசலில் நிழல் விழுந்தது. அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

ரொவீனா சட்டென்று கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள், எதையோ திருடி மறைப்பவளைப் போல.

மர்டோ குனிந்தான். பின்சக்கரத்தின் அந்தப் பெரிய பல்சக்கரத்தை விரலால் தடவினான்.

"என்னடா இது, தட்டு மாதிரி?"

"பழசு தேஞ்சு போச்சு. கடையில இந்த அளவுதான் இருந்துச்சு."

என் குரல் எனக்கே சின்னப் பையன் குரலாகக் கேட்டது.

அவன் என்னைப் பார்த்தான். பிறகு அவளை. நான் துணியால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தேன்.

கடைசியில் சிரித்தான்.

"கடற்கரை வரைக்கும் போற மகாராணிக்கு இத்தனை பெரிய சக்கரம்!"

அவனே சைக்கிளைத் தூக்கி வண்டியில் வைத்துக் கட்டினான். ரொவீனா என் பக்கம் திரும்பாமலே முன் இருக்கையில் ஏறினாள்.

வண்டியைக் கிளப்பிவிட்டுத் தலையை வெளியே நீட்டினான்.

"ஞாயித்துக்கிழமை சாப்பிட வாடா. அப்பா செத்துப் பத்து வருஷம் ஆச்சு. இன்னமும் அந்த வீட்டுக்குள்ள கால் வைக்கப் பயமா உனக்கு?"

"வர்றேண்ணா" என்றேன்.

அப்போது எனக்குப் பதினாறு, அவனுக்குப் பதினெட்டு. அந்த வீட்டை விட்டு ஒன்றாகவே ஓடிவிடுவோம் என்று சொன்னவன் அவன்தான். நான் முன்னால் நடக்க வேண்டும், அப்பா ஆட்டுக்கொட்டகைக்குப் போனதும் அவன் வந்துவிடுவான் என்பது ஏற்பாடு.

மலை உச்சியில் சாலை பிரியும் இடத்தில் மதியம்வரை நின்றிருந்தேன். அண்ணன் வரவில்லை.