ஒன்றரை ஆம்பியர்

எல்லா சுவிட்சையும் அணைத்த பிறகும் வீட்டின் மின்மீட்டர் ஓடிக்கொண்டிருந்தது. பாலிடெக்னிக் ஆய்வகத்தில் வேலை பார்க்கும் பியூலா கிளாம்ப் மீட்டரை மெயின் வயரில் கவ்வவிட்டு அளந்து பார்த்தாள். இருநூற்று முப்பது வோல்ட், ஒன்றரை ஆம்பியர். பெருக்கினால் முந்நூற்று நாற்பத்தைந்து வாட். வகுத்தால் ஏறக்குறைய நூற்று ஐம்பத்து மூன்று ஓம். மின்கசிவு என்றால் அளவு ஆடும். இது ஆடாமல் நின்றது. ஏதோ ஒரு கருவி ஓடுகிறது. ஃபிரிட்ஜின் பிளக்கையும் பிடுங்கிப் பார்த்தாள். அப்போதும் அதே ஒன்றரை.

"மீட்டர் பழுதாயிருக்கும், விடு" என்றான் கணவன் ஜெபராஜ், செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமல்.

அவள் பின்கட்டுக்கான ஃபியூஸ் கட்டையை உருவினாள். ஆம்பியர் பூஜ்ஜியத்துக்கு வந்தது. அதே நொடியில் பொதுச்சுவருக்கு அந்தப் பக்கம், ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் கருவி நின்றால் கேட்கும் பீப் சத்தம் கேட்டது. யாரோ மூச்சுத் திணறி இருமினார்கள்.

அது ஜெபராஜின் அண்ணன் வீடு. பாகப்பிரிவினை வழக்குக்குப் பிறகு அந்த வாசலைத் திரும்பிக்கூடப் பார்க்கக் கூடாது என்று அவளிடம் சத்தியம் வாங்கியிருந்தான். அங்கே மின் இணைப்பைத் துண்டித்ததே அவன் கொடுத்த மனுவால்தான்.

இப்போது அவன் ஓடிவந்து, அவள் கையிலிருந்த கட்டையைப் பிடுங்கிச் சொருகினான். பீப் நின்றது. சுவரில் காதை வைத்தான்.

பியூலா கிளாம்ப் மீட்டரைப் பார்த்தாள். மறுபடியும் அதே ஒன்றரை. "உங்க அண்ணனுக்கு உடம்புக்கு என்னங்க?"

"எனக்கெப்படித் தெரியும்? அந்த ஆளோட எனக்கென்ன பேச்சு?" என்றான்.

இருமல் அடங்கும்வரை சுவரிலிருந்து காதை எடுக்கவில்லை.