ஸ்டீல் பாட்டில்

"தண்ணி தீர்ந்துடுச்சு" என்றாள் அவள்.

காரை ஓட்டிக்கொண்டிருந்தவனுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. போன பெட்ரோல் பங்கில்தான் கழுத்துவரை பிடித்துக் கொடுத்திருந்தான். அதற்கு முன்னால் ஒரு பள்ளிக்கூட வாசலில், அதற்கும் முன்னால் ஒரு பேருந்து நிலையத்தில். ஒரு மனுஷி இவ்வளவு தண்ணீர் குடித்தால் உடம்பு என்னத்துக்கு ஆகும்?

அவள் ஸ்டீல் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மதியத்துக்குள் இரண்டு பேரும் கோர்ட்டில் நிற்க வேண்டும். கையெழுத்துப் போட்டால் விவாகரத்து இன்றோடு முடிந்தது. தவறவிட்டால் அடுத்த தேதிக்கு அரை வருஷம் காத்திருக்க வேண்டும் என்று வக்கீல் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

பேச்சை முதலில் எடுத்தது யார் என்று இருவருக்குமே இப்போது நினைவில்லை. வேண்டாம் என்று முதலில் சொல்லத்தான் இருவருக்குமே வாய் வரவில்லை.

விவாகரத்து வாங்க ஒரே காரில் போகிறவர்களை யாராவது பார்த்திருப்பார்களா? "ஒரே ஊருக்கு எதுக்கு ரெண்டு வண்டி? பெட்ரோல் வீண்" என்று அவள்தான் சொன்னாள். அவனும் பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டிவிட்டான்.

அவள் எப்போதுமே அப்படித்தான். கல்யாணமான புதிதில் வெளியூர் போனபோது, ஹோட்டல் அறையில் வைத்திருந்த குட்டி ஷாம்புவை அவன் திறந்துவிட்டான் என்று நாள் முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். பயணம் என்றால் துணிப்பை, சொந்த டம்ளர், சொந்த ஸ்பூன். கடையில் தண்ணீர் பாட்டில் வாங்க மட்டும் விடவே மாட்டாள். நாம் குடிப்பது பத்து நிமிஷம், அந்த பாட்டில் கிடப்பது பேரன் காலம் வரைக்கும் என்பாள்.

போன் அடித்தது. அவளுடைய அண்ணன்.

"மாப்ளே, எங்க இருக்கீங்க? வக்கீல் இங்க குதிக்கிறார்!"

இன்று மத்தியானத்துக்குமேல் அப்படிக் கூப்பிட முடியாது என்பது மச்சானுக்கு இன்னும் உறைக்கவில்லை. அவன் அந்த எரிச்சலையும் சேர்த்து ஆக்ஸிலரேட்டரில் காட்டினான்.

சாலையோரம் ஒரு கடை தெரிந்ததும் வண்டியை ஓரங்கட்டினான்.

வழக்கமாக, முதலில் இறங்கிப்போய்க் குழாய் எங்கே என்று விசாரிப்பான். பிறகு வந்து அவளிடம் பாட்டிலை வாங்கிப்போவான். இந்தத் தடவை விசாரிக்கிற வேலையே இல்லை. கடையில் ஒரு பாட்டில் வாங்கி அவள் மடியில் போட்டுவிட வேண்டியதுதான். கத்தினால் கத்தட்டும். இனிமேல் அவளிடம் என்ன பயம்?

கடைக்காரர் பெட்டியிலிருந்து குளிர்ந்த பாட்டில் ஒன்றை எடுத்து நீட்டினார். வாங்கிக்கொண்டு திரும்பினான்.

கண்ணாடிக் கதவுக்கு அப்பால் அவள் காரைவிட்டு இறங்கி நின்றிருந்தாள். கடைப் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். பிறகு ஸ்டீல் பாட்டிலின் மூடியைத் திருகி, ஒரு செடியின் அடியில் கவிழ்த்தாள்.

தண்ணீர் கொட்டியது. கொட்டிக்கொண்டே இருந்தது.

பல் தேய்க்கும்போது அவன் குழாயை மூட மறந்தால் வீட்டையே இரண்டாக்குகிறவள். கடைசிச் சொட்டுவரை உதறிவிட்டு, மூடியை இறுக்கி, ஒன்றும் தெரியாதவள் மாதிரி உள்ளே போய் உட்கார்ந்துகொண்டாள்.

அவன் கடைக்காரர் பக்கம் திரும்பினான். பிறகு கையிலிருந்த பாட்டிலை மேசைமேல் திரும்ப வைத்தான்.

"இது வேண்டாங்க. இங்க குடிதண்ணிக் குழாய் ஏதாவது இருக்கா?"

"கடைக்குப் பின்னாடியே இருக்கே சார்."

அவன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான்.

"இன்னும் கொஞ்சம் தள்ளி, வேற ஏதாவது இருக்கா?"