மூன்று பாவாயிகள்

அரசாங்க ஆஸ்பத்திரியின் மருந்து ஜன்னலில் காலை வெயில் ஏறிக்கொண்டிருக்கிறது. முழங்கால் வலிக்கு வந்திருக்கும் மாரக்காள், தன் மகனுக்குப் பாவாயியின் மகளைப் பெண் கேட்டிருப்பவள், பெஞ்சில் நகர்ந்து பாவாயிக்கு இடம்விட்டு வெற்றிலையை நீட்டுகிறாள். "சும்மா சளிக்குத்தானுங்க வந்தேன்," என்று சொல்லிக்கொண்டே, காலி மாத்திரை டப்பாவை முந்தானைக்குள் மறைத்தபடி பாவாயி வாங்கிக்கொள்கிறாள். "பாவாயி," என்று கம்பவுண்டர் கூப்பிடுகிறார். வீட்டுக்கு ஒரு பெண்ணுக்காவது குலதெய்வத்தின் பெயர் வைக்கிற ஊர்க்காரர்கள். மூன்று பேர் எழுந்து நிற்கிறார்கள். "எந்தப் பாவாயிங்க?" என்கிறாள் முன்னால் இருப்பவள். ஆள் மாறி மருந்து போய்விடக்கூடாதே என்று அவர் சீட்டைத் திருப்பிப் பார்த்து, கடைசி பெஞ்சுக்கும் கேட்கிற மாதிரி சொல்கிறார்: "டி.பி. பாவாயி." மற்ற இருவரும் உட்கார்ந்துவிடுகிறார்கள். மாரக்காள் இருவருக்கும் நடுவில் இருந்த வெற்றிலைப் பையை எடுத்து, அதன் வாயைச் சுருக்கி, தன் மடியில் வைத்துக்கொள்கிறாள்.