ஒரு வாய்க் களி

ருசி பார்க்கிற அறைக்கென்று ஒரு சட்டம் உண்டு. வாயில் போட்டு மெல்லலாம், விழுங்கக் கூடாது. காகிதக் கோப்பையில் துப்பிவிட்டு, வாயைக் கொப்பளித்து, மதிப்பெண் போட வேண்டும். உருவாக்கியவர் ருசிக்கவே கூடாது என்பதால், பல்கலைக்கழகத்தில் பதினோரு வருடம் உழைத்து இந்தப் புதுச் சோள ரகத்தைக் கொண்டுவந்த பேராசிரியை வேதநாயகி அதை ஒருநாளும் தின்று பார்த்ததில்லை. பஞ்சத்தில் கிடக்கும் எங்கோ ஒரு நாட்டுக்காக அரசாங்கம் பணம் கொடுத்து உருவாக்கச் சொன்ன சோளம். இன்று காலை அதே அரசாங்கம், ஆய்வை நிறுத்தி விதைகளை எரித்துவிடும்படி கடிதம் அனுப்பியிருந்தது. அந்தச் சோளத்தில் களி கிண்டியாகிவிட்டது, சோதனையையாவது முடித்துவிடலாம் என்று அவள் நினைத்தாள். ருசி பார்க்க வந்தவர்களில் மூவர் துப்பிவிட்டுப் போய்விட்டார்கள். அந்த நாட்டிலிருந்து படிக்க வந்த இத்ரிஸ் மட்டும் கன்னம் உப்ப உட்கார்ந்திருந்தான்.

“துப்பிடு இத்ரிஸ்,” என்று கோப்பையை நீட்டினாள். மாட்டேன் என்று தலையசைத்தான். அங்கே அகதி முகாமில் தன் அம்மா இலையை அவித்துத் தின்கிறாள் என்று போன வாரம்தான் சொல்லியிருந்தான்.

“சரிப்பா, முழுங்கிடு. நான் ஒண்ணும் சொல்லல.”

அதற்கும் அதே தலையசைப்பு.

என்ன செய்வதென்று தெரியாமல் அவளும் ஒரு கவளம் எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். லேசாக இனித்தது. அப்போது உதவியாளர் சடையப்பன் வாசலில் வந்து நின்றார். “மேடம், விதையெல்லாம் கீழ கொட்டியாச்சு. பத்த வைக்கலாமான்னு கேக்குறாங்க. வேணாம்னா இப்பவே சொல்லிடுங்க.”

இருவரும் களியைத் துப்பாமலும் விழுங்காமலும் வாயை மூடியபடி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.